அப்லேஷனுக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடவே கூடாது

தறிகெட்ட இதயத் துடிப்பைச் சரிசெய்யும் அப்லேஷன் சிகிச்சைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. "இதய மாத்திரையை மூன்று நாளைக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்" என்று மருத்துவமனையிலிருந்து சொல்லிவிட்டார்கள். வீட்டில் டப்பாவைத் திறந்தால் ஏழெட்டு அட்டைகள் கிடக்கின்றன. படபடப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு. இதில் எது அந்த "இதய மாத்திரை"?

பலரும் பழைய அனுபவத்தை வைத்து ஊகிக்கிறார்கள்: ஆபரேஷன் என்றால் ரத்தம் உறையாமை மாத்திரையை நிறுத்த வேண்டும், படபடப்பு மாத்திரையை விடாமல் போட வேண்டும். குடலிறக்க அறுவைக்கு அது சரியாக இருக்கலாம். அப்லேஷனில் பெரும்பாலும் விதி நேர்த் தலைகீழ். துடிப்பை அடக்கும் மாத்திரைதான் நிற்க வேண்டியது. ரத்தம் உறையாமை மாத்திரை பெரும்பாலும் தொடர வேண்டியது. இதை மாற்றிச் செய்துகொண்டு வருபவருக்கு இரண்டு பக்கமும் நட்டம்: சிகிச்சை நடக்காமல் போகலாம், பக்கவாதமும் வரலாம்.

## அப்லேஷனில் என்ன நடக்கிறது

இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின் அலை. வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவில் அது பிறந்து, மேலறைகளைக் கடந்து, நடுவிலுள்ள ஏவி கணுவில் கொஞ்சம் தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. இந்தப் பாதையில் குறுக்கு வழி இருந்தாலோ, அலை வட்டமடிக்க இடம் கிடைத்தாலோ, வேறொரு புள்ளி தானாக மின்சாரம் கிளப்பினாலோ துடிப்பு தறிகெடும்.

இதைச் சரிசெய்ய, தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் செலுத்துகிறார்கள். முதல் பாதி துப்பறிதல். அதுதான் இ.பி. ஸ்டடி. கம்பி நுனியிலிருந்து சிறு மின் தூண்டல் கொடுத்து, நோயாளிக்கு வரும் அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். அலை எங்கே தொடங்குகிறது, எந்த வழியாகச் சுற்றுகிறது என்று பார்த்த பிறகே இரண்டாம் பாதி: அந்தப் புள்ளியை ரேடியோ அலை வெப்பத்தால் சுடுவது, அல்லது குளிரால் உறையவைப்பது, அல்லது அண்மையில் வந்துள்ள மின்துடிப்பு முறையால் செயலிழக்கச் செய்வது.

## மருந்து எப்படி இடைஞ்சலாகிறது

மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள், வெரப்பமில், டில்டியாசெம், ஃப்ளெக்கனைடு, சோட்டலால் எல்லாம் இந்தத் தறிகெட்ட மின்னோட்டத்தை அடக்குவதற்கே கொடுக்கப்படுகின்றன. அவை நன்றாக வேலை செய்தால் துப்பறிதல் மூன்று இடங்களில் கெடும்.

1. படபடப்பு கிளம்பாது. எஸ்.வி.டி. எனப்படும் மேலறைச் சார்ந்த படபடப்பில், மருந்து உடலில் இருந்தால் எத்தனை தூண்டல் கொடுத்தாலும் இதயம் அமைதியாகவே இருக்கலாம். ஐசோப்ரினலின் என்ற மருந்தைச் சிரையில் ஏற்றி இதயத்தை உசுப்புவார்கள். ஆனால் அந்த மருந்து வேலை செய்ய வேண்டிய பீட்டா ஏற்பிகளைத்தான் பீட்டா பிளாக்கர் அடைத்து வைத்திருக்கிறது.

2. பாதை தெரியாது. டபிள்யூ.பி.டபிள்யூ. நோயில், மேலறைக்கும் கீழறைக்கும் இடையே பிறவியிலேயே ஒரு கள்ளப் பாதை இருக்கும். ஃப்ளெக்கனைடு அதன் கடத்தலைத் தற்காலிகமாக நிறுத்திவிடக்கூடும். அப்போது ஈசிஜியில் அந்த நோயின் அடையாளமே மறைந்துபோகும். இல்லாத ஒன்றைத் தேடிச் சுட முடியாது.

3. முடிவு பொய்யாகும். இதுதான் மூன்றிலும் மோசம், வெளியில் தெரியாததும்கூட. சுட்டு முடித்ததும் மறுபடி தூண்டிப் பார்ப்பார்கள். படபடப்பு வராவிட்டால் வெற்றி என்று முடிப்பார்கள். உடலில் மருந்து மிச்சமிருந்தால், வராததற்குக் காரணம் சூடா மருந்தா என்று பிரிக்க முடியாது. நோயாளி மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார். சில வாரங்களில் படபடப்பு திரும்பும்.

## எத்தனை நாள் முன்பு: அரை ஆயுள் கணக்கு

ஒரு மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம் அதன் அரை ஆயுள். ஒரு அரை ஆயுளில் 50 சதவீதம் மிஞ்சும், இரண்டில் 25, மூன்றில் 12.5, நான்கில் 6 சொச்சம், ஐந்தில் 3 சொச்சம். ஐந்து அரை ஆயுள் கடந்தால் மருந்து ஏறக்குறைய இல்லை என்று கொள்வது மருத்துவ வழக்கம். வழக்கமான மருந்துகளின் கணக்கு இது:

1. மெட்டோப்ரோலால்: அரை ஆயுள் 3 முதல் 7 மணி நேரம். ஒன்றரை நாளில் பெரும்பாலும் போய்விடும். மெதுவாகக் கரையும் நீள்நேர மாத்திரை என்றால், அது கரைந்து முடியும் நேரத்தையும் சேர்க்க வேண்டும்.
2. பைசோப்ரோலால்: 10 முதல் 12 மணி. இரண்டரை நாள்.
3. சோட்டலால்: சுமார் 12 மணி. இரண்டரை நாள். சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் கூடும்.
4. ஃப்ளெக்கனைடு: ஆளுக்கு ஆள் 12 முதல் 27 மணி. சராசரியாக நாலு நாளுக்கு மேல்.
5. டிகாக்சின்: 36 முதல் 48 மணி. ஒரு வாரத்துக்கும் மேல்.
6. அமியோடரோன்: மணிக் கணக்கு இங்கே செல்லாது. உடல் கொழுப்பில் தேங்கும் மருந்து இது. அரை ஆயுள் வாரங்கள் முதல் மாதங்கள் வரை நீளும். மூன்று நாள் நிறுத்துவதால் எந்த மாற்றமும் இல்லை. நிறுத்தத்தான் வேண்டும் என்றால் மாதங்களுக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும்.

"மூன்று நாள்", "ஐந்து நாள்" என்று மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுவதற்குக் காரணம் இந்தப் பட்டியல்தான். சிலர் மருந்துக்கேற்ப எண்ணுகிறார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண் வைத்துக்கொள்கிறார்கள்.

எண்ணும்போது தேதியை அல்ல, கடைசி மாத்திரை போட்ட நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வியாழன் காலை 8 மணிக்கு அப்லேஷன், பைசோப்ரோலாலுக்கு 60 மணி நேரம் தேவை என்றால், கடைசி மாத்திரை திங்கள் இரவு 8 மணிக்குள். செவ்வாய் காலையில் ஒன்று போட்டுக்கொண்டால் கணக்கு 48 மணிக்கு இறங்கிவிடும்.

## எல்லா அப்லேஷனும் ஒன்றல்ல

மேலே சொன்ன தர்க்கம் முழுமையாகப் பொருந்துவது எஸ்.வி.டி.க்கும், கீழறையில் இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகளுக்கும். கூடுதல் துடிப்பு நோயில் நிலைமை இன்னும் கறாரானது: அந்தத் துடிப்பு தானாக வந்துகொண்டே இருந்தால்தான் அதன் பிறப்பிடத்தைத் தேட முடியும். அதனால்தான் அவர்களுக்கு மயக்கமும் இலேசாகவே கொடுக்கிறார்கள். ஆழ்ந்து தூங்கினால் துடிப்பும் அடங்கிவிடும்.

மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப்., வேறு மாதிரி. நுரையீரல் சிரைகள் இடது மேலறையில் சேரும் வாய்களிலிருந்தே பெரும்பாலும் தூண்டல் கிளம்புகிறது என்று பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர் மிஷெல் ஹைசாகெர் குழுவினர் 1998இல் காட்டினர். அன்றிலிருந்து சிகிச்சை என்பது அந்த வாய்களைச் சுற்றிச் சுட்டு மின் தொடர்பைத் துண்டிப்பது. எங்கே சுடுவது என்பது உடற்கூற்றிலேயே தெரிவதால், நோயை வரவழைத்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. துடிப்பு வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைப் பல மையங்கள் தொடரவே விடுகின்றன. பக்கத்து வீட்டுக்காரருக்கு எஸ்.வி.டி. அப்லேஷனில் ஐந்து நாள் நிறுத்தினார்கள் என்பதற்காக ஏ.எஃப். நோயாளியும் நிறுத்தினால், துடிப்பு 140, 150 என்று ஏறி மூச்சுத்திணறலோடு அவசரப் பிரிவுக்குப் போக நேரலாம்.

மாரடைப்புத் தழும்பால் வரும் கீழறைப் படபடப்பு உயிருக்கே ஆபத்தானது. அங்கே அமியோடரோனையும் பீட்டா பிளாக்கரையும் பெரும்பாலும் தொடர்கிறார்கள். படபடப்பு கிளம்பாவிட்டாலும் தழும்பின் மின் வரைபடத்தை வைத்து வேலையை முடிக்க முடியும். மரபுவழி நீள் க்யூடி நோய் (ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மின்னளவில் மீள அதிக நேரம் எடுப்பது; ஈசிஜியில் அந்த நேரம்தான் க்யூடி) உள்ளவர்கள் பீட்டா பிளாக்கரை ஒரு வேளைகூடத் தாங்களாக விடக்கூடாது.

## ரத்தம் உறையாமை மாத்திரை ஏன் தொடர்கிறது

இடது மேலறையில் சுடும்போது உள்சுவர் புண்ணாகிறது. புண்ணில் ரத்தம் உறையும். உள்ளே போகும் கம்பியும் குழாயும் அந்நியப் பொருள்கள். அவற்றின் மேலும் உறையும். ஏ.எஃப். நின்று இயல்புத் துடிப்பு திரும்பினாலும் மேலறை சில வாரங்களுக்குச் சரியாகச் சுருங்காது. தேங்கும் ரத்தம் கட்டியாகும். கட்டி இடப்பக்கம் உருவாவதால் நேராக மூளைக்குப் போகலாம்.

முன்பு வார்ஃபரினை நிறுத்தி, இடையில் ஹெபாரின் ஊசி போட்டு, பிறகு மறுபடி தொடங்குவார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றியது 2014இல் வெளியான கம்பேர் ஆய்வு. ஏ.எஃப். அப்லேஷனுக்கு வந்த 1,584 பேரில் பாதிப் பேர் வார்ஃபரினை நிறுத்தி ஹெபாரின் ஊசிக்கு மாறினர். மறுபாதி நிறுத்தவே இல்லை. நிறுத்திய பிரிவில் 29 பேருக்குப் பக்கவாதம், 10 பேருக்குத் தற்காலிக மூளைத் தாக்கு. தொடர்ந்த பிரிவில் பக்கவாதம் 2 பேருக்கு. ரத்தம் கசியும் என்று பயந்துதானே நிறுத்தினார்கள்? சிறு கசிவுகளும் நிறுத்திய பிரிவில்தான் அதிகம். ஊசி மருந்தும் மாத்திரையும் மேலும் கீழுமாக ஏறி இறங்கும்போது தொடை இடுக்குப் புண் ஆறாமல் கசிந்தது.

டாபிகட்ரான் மருந்தைத் தொடர்ந்துகொண்டே செய்வது பற்றி 2017இல் வந்த ரீ-சர்க்யூட் ஆய்வில், பெரிய ரத்தக் கசிவு 1.6 சதவீதம், வார்ஃபரினைத் தொடர்ந்தவர்களிடம் 6.9 சதவீதம்.

வீட்டில் இதற்கு என்ன பொருள்?

1. ஏ.எஃப்., ஏட்ரியல் ஃப்ளட்டர் (மேலறையில் மின் அலை வட்டமடிக்கும் நோய்) அப்லேஷனுக்கு முந்தைய குறைந்தது மூன்று வாரங்களில் ஒரு வேளையும் தவறக்கூடாது. அபிக்சபான், டாபிகட்ரான் போன்றவை அரை நாளிலேயே பாதியாகிவிடும். இரண்டு வேளை விட்டால் பாதுகாப்பு ஏறக்குறைய இல்லை.
2. விட்டிருந்தால் மறைக்கக் கூடாது. உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்து இடது மேலறையில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.
3. வார்ஃபரின், அசிட்ரோம் போடுபவர்கள் அந்த வாரங்களில், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் கீரையைத் திடீரெனக் கூட்டினாலும் குறைத்தாலும் எண் நகரும்.
4. சிகிச்சை நாள் காலை வேளை மட்டும் சில மையங்களில் நிறுத்துவார்கள், சிலவற்றில் அதுவும் இல்லை. இந்த ஒரு வேளையைப் பற்றி வாய்மொழியாக அல்ல, எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

விதிவிலக்குகள் உண்டு. இதயத்தின் வெளிப்பக்கத்திலிருந்து, மார்பெலும்புக்குக் கீழே ஊசி செலுத்திச் செய்யும் கீழறை அப்லேஷனுக்கு இந்த மாத்திரையை நிறுத்தியாக வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்களின் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் தனிக் கதை; ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

## நிறுத்துவதிலும் பொறி இருக்கிறது

பீட்டா பிளாக்கரை மாதக்கணக்கில் போடும்போது, அடைபட்ட ஏற்பிகளுக்கு ஈடாக உடல் புதிய ஏற்பிகளை உண்டாக்கிக்கொள்கிறது. சட்டென்று நிறுத்தினால் அவை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். துடிப்பும் பிரஷரும் எகிறும். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கட்டமிட்ட எச்சரிக்கையே இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைக்கிறார்கள். அடைப்பும் இதயத் தளர்ச்சியும் இல்லாத இளவயது எஸ்.வி.டி. நோயாளிக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது, துண்டுச் சீட்டுகளில் அரிதாகவே இருக்கும். ஃப்ளெக்கனைடும் பீட்டா பிளாக்கரும் சேர்ந்து போடுபவர் பீட்டா பிளாக்கரை மட்டும் நிறுத்தக் கூடாது. ஏட்ரியல் ஃப்ளட்டரில் மேலறை நிமிடத்துக்கு 300 முறை சுற்றும். ஏவி கணு அதில் பாதியை மட்டும் கீழே விடுவதால் நாடி 150இல் நிற்கும். ஃப்ளெக்கனைடு அந்தச் சுற்றை 200 அளவுக்கு மெதுவாக்குகிறது. கேட்க நல்லதாகத் தெரியும். ஆனால் 200 என்பது ஏவி கணு ஒன்றுவிடாமல் கடத்தக்கூடிய வேகம். தடுக்கப் பீட்டா பிளாக்கரும் இல்லையென்றால் கீழறையும் 200இல் ஓடும். ஆள் மயங்கி விழலாம். நிறுத்துவதானால் ஃப்ளெக்கனைடு முதலில்.

## வேறு பெயரில் ஒளிந்திருக்கும் மருந்து

இந்தியக் கடைகளில் கூட்டு மாத்திரைகள் ஏராளம். அம்லோடிபைனும் அட்டெனலாலும் ஒரே மாத்திரையில், டெல்மிசார்டனும் மெட்டோப்ரோலாலும் ஒரே மாத்திரையில். போடுபவருக்கு அது "பிரஷர் மாத்திரை". நிறுத்து என்று சொன்ன பட்டியலில் அது இல்லை என்று நினைத்துத் தொடர்வார். அல்லது மொத்தமாக நிறுத்திவிட்டு, பிரஷர் 180இல் வந்து படுப்பார். பீட்டா பிளாக்கர் மட்டும் போக, மற்றதைத் தனி மாத்திரையாக எழுதித் தரும்படி கேட்பதுதான் வழி.

ஒற்றைத் தலைவலிக்கும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால், கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து ஆகியவையும் பீட்டா பிளாக்கர்களே. சொட்டு மருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் சேரும். கண் மருத்துவர் கொடுத்ததை இதய மருத்துவரிடம் யாரும் சொல்வதில்லை. அட்டைகளை எல்லாம் பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுவது, பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட நூறு மடங்கு நல்லது.

மற்றவை சுருக்கமாக. கொழுப்பு மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் அப்படியே தொடரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சர்க்கரைக்கும் இதயத் தளர்ச்சிக்கும் கொடுக்கப்படுபவை. வயிற்றைக் காயப்போடும்போது சர்க்கரை அளவு ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து இருப்பதால் 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். இன்சுலின் அளவை அன்றைய பட்டினிக்கு ஏற்ப மருத்துவர் குறைத்துத் தருவார். முழு மயக்கம் என்றால் டெல்மிசார்டன், ராமிப்ரில் வகையை முந்தைய நாளே நிறுத்தச் சொல்லும் மயக்கவியல் மருத்துவர்கள் உண்டு. மயக்கத்தில் பிரஷர் இறங்கிவிடும் என்பது காரணம்.

## நிறுத்திய நாட்களில் படபடப்பு வந்தால்

எஸ்.வி.டி. நோயாளிக்கு இது எதிர்பார்க்கக்கூடியதே. 2015இல் லான்செட் இதழில் வந்த ரிவெர்ட் ஆய்வு சோதித்த முறை இது:

1. சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி ஊசிக்குழலின் முனையில் வாயை வைத்து, உள்தண்டு இலேசாக நகரும் அளவுக்கு 15 விநாடி ஊத வேண்டும்.
2. உடனே மல்லாக்கப் படுக்க, வேறொருவர் இரு கால்களையும் 45 பாகைக்குத் தூக்கி 15 விநாடி பிடிக்க வேண்டும்.
3. மறுபடி சாய்ந்து உட்கார வேண்டும்.

இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குப் படபடப்பு நின்றது. காலைத் தூக்காத பழைய முறையில் 17 சதவீதம். ஏ.எஃப்.க்கு இது உதவாது.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவாயினும் ஊதிப் பார்க்க நிற்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. தாங்க முடியாத படபடப்பில் நிறுத்திய மாத்திரையை ஒன்று போட்டுக்கொண்டுவிட்டால் அது குற்றமல்ல. நேரத்தைக் குறித்து மருத்துவமனைக்குச் சொன்னால் அட்டவணையைத் தள்ளுவார்கள். சொல்லாவிட்டால், அப்லேஷன் செய்யும் அறையான கேத் லேபில் படுத்தும் படபடப்பு வராது.

## முடிந்த பிறகு எது திரும்பும்

எஸ்.வி.டி.யில் சூடு வெற்றி என்றால் பீட்டா பிளாக்கர் பெரும்பாலும் திரும்பாது. பிரஷருக்காகவும் போட்டவர் என்றால் திரும்பும். ஏ.எஃப்.இல் முதல் சில வாரங்கள் புண் ஆறும் காலம், அப்போது வரும் தடுமாற்றம் தோல்வி என்று கணக்கில் வராது. அந்தக் காலத்துக்குப் பழைய மாத்திரைகளைத் தொடர்வார்கள். ரத்தம் உறையாமை மாத்திரை ஏ.எஃப். நின்றுவிட்டாலும் குறைந்தது 2 முதல் 3 மாதம் உண்டு. அதற்குப் பிறகு தொடர்வதா என்பதை வயது, சர்க்கரை, பிரஷர், முன்பு பக்கவாதம் வந்ததா என்பவை தீர்மானிக்கும். துடிப்பு சீராகிவிட்டதா என்பது அல்ல.

சோட்டலாலை இடைவெளிக்குப் பின் தொடங்கும்போது ஈசிஜியில் க்யூடி அளவைப் பார்த்தே தொடங்க வேண்டும்; வீட்டில் பழைய அட்டையை எடுத்துத் தொடங்குவது சரியல்ல. அமியோடரோனை நிறுத்தியவர் வார்ஃபரினோ அசிட்ரோமோ போடுபவராக இருந்தால், அடுத்த சில மாதங்களுக்கு ஐஎன்ஆரை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். அமியோடரோன் அந்த மருந்துகளின் வீரியத்தைக் கூட்டிவைத்திருந்தது. அது உடலைவிட்டுப் போகப் போக, அதே அளவு மாத்திரையிலேயே ஐஎன்ஆர் மெல்ல 2க்குக் கீழே இறங்கும்.